துவள்வில்: ‘பக்ளிங் ஸ்பிரிங்’ என்ற சொல்லும் அதன் தமிழும்

ஐபிஎம்மின் பழைய விசைப்பலகைகளைப் பற்றிப் பேசத் தொடங்கினால், அவற்றின் ஒவ்வொரு விசைக்குள்ளும் இருக்கும் சுருளமைப்பின் பெயரான ‘பக்ளிங் ஸ்பிரிங்’ என்ற சொல்லைத் தாண்டிப் போக முடியாது. தமிழில் அதை ‘வளையும் சுருள்வில்’ என்று எழுதிவிட்டு நகர்வது எளிது. ஆனால் அது பொருளைத் தவறவிடும் பெயர். வளைவது வேறு, பக்கிள் ஆவது வேறு. அந்த வேறுபாடு பிடிபடாமல் இந்தப் பலகைகளைப் பழுதுபார்க்க உட்கார்ந்தால், எந்த விசை ஏன் வேலை செய்யவில்லை என்பதும் பிடிபடாது.

ஒரு நெகிழி அளவுகோலை மேசைமேல் செங்குத்தாக நிறுத்தி, மேல்முனையை உள்ளங்கையால் நேர்கீழாக அழுத்திப் பாருங்கள். கொஞ்ச நேரம் அது அசையாமல் தாங்கும். அழுத்தம் ஓர் எல்லையைத் தொட்டதும் படக்கென்று நடுவில் பக்கவாட்டாக விலகிவிடும். நீளவாக்கில் வந்த சுமையைத் தாங்க மாட்டாமல் குறுக்குவாக்கில் விட்டுக்கொடுக்கும் இந்த நிகழ்வுதான் பக்ளிங். தூண்களில் இது எந்தச் சுமையில் நடக்கும் என்பதற்கான கணக்கை 18-ஆம் நூற்றாண்டிலேயே கணிதவியலாளர் ஆய்லர் போட்டுவைத்தார். கட்டடப் பொறியாளருக்கு இது தவிர்க்க வேண்டிய ஆபத்து. ஐபிஎம் பொறியாளர் ரிச்சர்ட் ஹண்டர் ஹாரிஸ் அதே ஆபத்தை ஒரு விசைக்குள் வேலைக்கு வைத்தார்.

அவர் பெயரில் 1972-இல் வந்த அமெரிக்கக் காப்புரிமையின் தலைப்பிலேயே ‘கேட்டஸ்ட்ராஃபிக்கலி பக்ளிங்’ என்று இருக்கிறது. பேரழிவு என்று அதைப் படிக்கக் கூடாது. ஒரு நிலையிலிருந்து இன்னொரு நிலைக்கு இடையில் எங்கும் நிற்காமல் தாவுவது என்பதுதான் அங்கே பொருள். இன்று நாம் அறிந்த வடிவத்துக்கான காப்புரிமை 1978-இல் வந்தது. 1981-இல் ஐபிஎம் பிசியோடு விற்பனைக்கு வந்த மாடல் எஃப் பலகையிலும், 1985-இல் தொடங்கிய மாடல் எம் பலகையிலும் இருப்பது இதுதான். ஐபிஎம்மின் இன்னும் பழைய முனையங்களில் இருந்த ‘பீம் ஸ்பிரிங்’ வேறு இனம். அதில் படக்கென்று தாவுவது தட்டையான வில்பட்டை. இரண்டையும் ஒன்றாக எழுதிவிடக் கூடாது.

விசைக்குள் நடப்பது இது. ஒவ்வொரு விசைமூடிக்கும் கீழே ஒரு குழல் உண்டு. குழலுக்குள் மெல்லிய சுருள் நிற்கிறது. அதன் மேல்முனை விசைமூடியின் அடியில் உள்ள சிறு முளையில் அமர்ந்திருக்கும். கீழ்முனை முன்னும் பின்னும் ஆடக்கூடிய ஒரு சிறு தகட்டில் பொருந்தியிருக்கும். இதை ஆடுதகடு என்று சொல்லலாம். விரல் அழுத்த அழுத்தச் சுருள் இறுகுகிறது. சுமார் 4 மில்லிமீட்டர் பயணத்தில் பாதியைக் கடந்ததும், ஏறக்குறைய 70 கிராம் அழுத்தத்தில், சுருள் பின்பக்கமாகத் துவண்டு ஆடுதகட்டை உதைக்கிறது. மாடல் எம்மில் தகடு கீழே உள்ள மின்படலத்தில் (மின்தடம் பூசிய மெல்லிய ஏடு) அடிக்க, எழுத்து பதிவாகிறது. துவண்ட சுருள் குழலின் சுவரில் மோதுவதுதான் அந்தப் புகழ்பெற்ற ‘டக்’. வேறு பல விசைகளில் ஒலிக்கென்றே தனி உறுப்பு வைத்திருப்பார்கள். இதில் விரல் உணர்வதும் காது கேட்பதும் எழுத்து பதிவதும் ஒரே நிகழ்வு. பல பத்தாண்டுகள் கழிந்தும் இந்தப் பலகைகளைத் தேடி எடுத்துத் துடைத்துப் பயன்படுத்துகிறார்கள் என்றால் காரணம் இதுதான்.

ஆங்கிலச் சொல்லின் வேரைத் தோண்டினால் கன்னத்தில் போய் முட்டும். லத்தீனில் ‘புக்கா’ என்றால் கன்னம், ‘புக்குலா’ என்றால் சிறு கன்னம். தலைக்கவசத்தின் கன்னப்பட்டைக்கும் கேடயத்தின் நடுவில் உப்பி நிற்கும் குமிழுக்கும் அதே பெயர் ஆனது. பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்கு வந்தபோது அது இரண்டாகக் கிளைத்தது. ஒரு கிளை, இடுப்புவாரில் நாம் மாட்டும் பக்கிள். இன்னொரு கிளை, பிரெஞ்சில் ‘உப்பிப் பிதுங்குதல்’ என்ற பொருளில் இருந்து வந்த வினைச்சொல். சுமை தாளாமல் பக்கவாட்டில் பிதுங்குவதை அதுவே குறிக்கத் தொடங்கியது. ஆகவே பக்ளிங் ஸ்பிரிங்கில் கொக்கியும் இல்லை, மாட்டலும் இல்லை. ‘கொக்கிச் சுருள்’ என்று மொழிபெயர்த்தால் அது முழுத் தவறு.

ஸ்பிரிங்குக்குத் தமிழில் சிக்கல் இல்லை. பாடநூல்களில் ‘சுருள்வில்’ நிலைத்துவிட்டது. அதற்கு வெகு முன்பே வில் வைத்த வண்டிக்கு ‘வில்வண்டி’ என்று பெயர் வைத்தவர்கள் நாம். அமுக்கினால் அமுங்கி, விட்டால் பழைய நிலைக்கு வரும் பொருளுக்கு ‘வில்’ என்ற ஒரே சொல் போதும். சிக்கல் முன்பாதியில்தான்.

வளைதல் மெதுவானது. கொடுத்த அழுத்தத்துக்கு ஏற்பக் கொஞ்சம் கொஞ்சமாகக் கூடுவது. படக்கென்ற தாவல் அதில் இல்லை. நெளிதல் கிட்டத்தட்டச் சரி, ஆனால் நெளிந்த பாத்திரம் நெளிந்தபடியேதான் கிடக்கும். நம் சுருள் ஒவ்வொரு முறையும் நிமிர்ந்து நிற்க வேண்டும். ஒடிதலும் முறிதலும் சேதத்தைச் சொல்பவை. மடிதலில் தாளின் மடிப்பும் சாவும் சேர்ந்து வந்துவிடும்.

துவள்தல் பொருந்துகிறது. நிற்கிற ஒன்று தன்மேல் வரும் பாரத்தைத் தாங்காமல் இடையில் விட்டுக்கொடுப்பதைத்தான் தமிழ் ‘துவண்டது’ என்கிறது. ‘கால் துவண்டு விழுந்தான்’ என்று சொல்லும்போது எலும்பு முறியவில்லை, கால் வளைந்தும் போகவில்லை. நின்றது சட்டென்று நிற்காமல் போனது. கொடி துவளும், இடை துவளும், துவள்வது முறியாது. சோர்வு என்ற சாயல் சொல்லில் ஒட்டியிருப்பது உண்மைதான். ஆனால் வில் என்ற சொல் பின்னால் வந்து நின்றதும் அந்தச் சாயல் விலகி, நிமிர்ந்து எழும் பொருள் கூடிவிடுகிறது.

எனவே துவள்வில். ‘சுருள்வில்’ போலவே இதுவும் வினைத்தொகை: துவண்ட வில், துவள்கின்ற வில், துவளும் வில். ஒரே சுருள் ஓயாமல் செய்யும் வேலைக்கு முக்காலத்தையும் அடக்கிய சொல்லமைப்பு இயல்பாகவே பொருந்துகிறது. ‘துவள்வில் விசைப்பலகை’ என்று எழுதினால் வேறு எதனோடும் குழப்பம் வராது. அழுத்தத்தின் அளவைச் சொல்ல வரும்போது மட்டும் கவனம் வேண்டும். பொத்தானுக்கும் விசை, இயற்பியலின் ‘ஃபோர்ஸ்’ என்பதற்கும் விசை என்பதால் ‘விசையின் விசை 70 கிராம்’ என்று எழுத நேரும். அந்த இடத்தில் ‘துவளும் அழுத்தம்’ என்று எழுதுவது தெளிவு.

பழுது கண்டறியும்போது இந்த வினைச்சொல்லின் பயன் உடனே தெரியும். ஒரு விசையை அழுத்தி, துவள்கிறதா இல்லையா என்று முதலில் கேளுங்கள்.

துவளவே இல்லை, ‘டக்’ இல்லாமல் மொத்தென்று இறங்குகிறது என்றால், சுருள் முளையில் அமரவில்லை, அல்லது கோணிவிட்டது. விசைமூடியை நேர்மேலாக இழுத்து எடுங்கள். பக்கவாட்டில் நெம்பினால் நல்ல சுருளும் கோணும். திரும்ப மாட்டும்போது பலகையைச் செங்குத்தாக, இடைவெளிப்பட்டை மேற்பக்கம் இருக்கும்படி நிறுத்திக்கொள்ள வேண்டும். ஆய்லரின் தூண் எந்தத் திசையிலும் துவளலாம். இந்தச் சுருளோ பின்பக்கமாக மட்டுமே துவள வேண்டும். பலகையை இப்படி நிறுத்தினால் எல்லாச் சுருள்களும் தம் எடையிலேயே பின்சுவரில் சாய்ந்து சரியான இடத்தில் நிற்கும். படுக்கவைத்து மாட்டினால் முளை சுருளுக்குள் இறங்காமல் அதன் ஓரத்தை நசுக்கும். கோணிய சுருளை இழுத்து நிமிர்த்த முயல வேண்டாம். அதன் துவளும் அழுத்தம் மாறிப்போயிருக்கும், பக்கத்து விசைகளோடு ஒத்துப்போகாது, மாற்றுவதுதான் வழி.

நன்றாகத் துவள்கிறது, ஒலியும் வருகிறது, எழுத்து மட்டும் வரவில்லை என்றால் குற்றம் சுருளில் இல்லை, அதற்குக் கீழே. மாடல் எம்மில் பெரும்பாலும் அது தறையாணிச் (ரிவெட்) சிக்கல். இந்தப் பலகையில் குழல்கள் அடங்கிய நெகிழித் தட்டு, மெல்லிய ரப்பர் விரிப்பு, மின்படலம், வளைந்த எஃகுத் தட்டு எல்லாம் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கப்பட்டிருக்கும். குழல்தட்டிலிருந்து நீளும் நெகிழி முளைகள் எஃகின் பின்புறம் வரை வந்து, அங்கே சூட்டில் உருக்கித் தட்டப்பட்டிருக்கும். இவைதான் தறையாணிகள். வயதாக ஆக அந்தத் தலைகள் ஒடிந்து உதிரும். பலகையைக் குலுக்கினால் உள்ளே கலகலவென்று கேட்பது அவைதான். பிடிப்பு தளர்ந்த இடத்தில் அடுக்குக்குள் இடைவெளி விழும். ஆடுதகடு அடித்தும் படலம் தொடாது.

ஒன்றிரண்டு போயிருந்தால் அப்படியே விட்டுவிடலாம். ஒரே பகுதியில் பல போயிருந்தால், தறையாணிகளுக்குப் பதில் திருகாணிகள் போடும் ‘திருகாணி மாற்று’ செய்வது நல்லது. உறையின் பின்விளிம்பில் உள்ள நான்கு திருகாணிகளுக்கு 5.5 மில்லிமீட்டர் அறுகோணக் குழல்சாவி வேண்டும். ஆணிகள் ஆழத்தில் இருப்பதால் சாவி நீளமாகவும் சுவர் மெல்லியதாகவும் இருக்க வேண்டும். படலத்தின் வால்களை மின்சுற்றுப்பலகையிலிருந்து நேராக, மெதுவாக உருவுங்கள். மடித்தால் மேலே பூசிய தடம் வெடித்துவிடும், அதை ஒட்டவைப்பது பெரும்பாடு. விசைமூடிகள் எல்லாவற்றையும் கழற்றிய பிறகு, பலகையைக் கவிழ்த்து மிச்சமுள்ள தலைகளை உளியால் சீவி, எஃகுத் தட்டைத் தூக்குங்கள். கவிழ்த்தே வைத்திருந்தால் சுருளும் ஆடுதகடும் இடம் மாறாமல் கிடக்கும். சீவிய முளைகளின் நடுவில் 1.6 மில்லிமீட்டர் துளை போட வேண்டும். கைத்துளைப்பானே போதும், வேகமாகச் சுழலும் இயந்திரம் பழைய நெகிழியைப் பிளந்துவிடும். பிறகு எம்2 அளவில் 8 மில்லிமீட்டர் நீளத் திருகாணிகளை விசைப்பக்கமிருந்து செலுத்தி, எஃகின் பக்கம் மரை போடுங்கள். தட்டு வளைந்தது என்பதால் நடுவில் தொடங்கி இரு ஓரங்களுக்கும் சிறிது சிறிதாக இறுக்கிக்கொண்டு போக வேண்டும். ஒரு மூலையை முதலிலேயே முழுதாக இறுக்கினால் எதிர்மூலை அமராது. மரை தொட்டதும் கால் சுற்று போதும்.

மாடல் எஃப்பில் இந்தத் தொல்லை இல்லை. அதன் இரண்டு எஃகுத் தட்டுகளும் ஒன்றுக்குள் ஒன்று சறுக்கி மாட்டிக்கொள்பவை. கீழே இருப்பதும் படலம் அல்ல. ஆடுதகடு அசையும்போது அதன் கீழே மின்தேக்குத்திறன் (மின்னூட்டத்தைத் தேக்கும் அளவு) மாறுவதை வைத்தே சுற்றுப்பலகை அழுத்தத்தை உணர்கிறது. தொடுபுள்ளி எதுவும் இல்லை. எத்தனை விசைகளைச் சேர்த்து அழுத்தினாலும் அது தனித்தனியே அறியும். மாடல் எம் மூன்றாவது விசையிலேயே சில சேர்க்கைகளைத் தடுத்துவிடும். எஃப்பின் நோய் நுரைவிரிப்பு. மேல்தட்டுக்கும் குழல்களுக்கும் இடையே வைத்த நுரை பொடிந்து மாவாகிவிடும், குழல்கள் ஆடத் தொடங்கும். சுரண்டி எடுத்துப் புதிய நுரை வெட்டி வைக்கும்போது பழையதைவிடத் தடிமன் கூடினால் தட்டுகள் சறுக்கி மாட்டாது. குறைந்தால் குழல்கள் மீண்டும் ஆடும்.

விசைமூடிகள் பிபிடி என்ற வகை நெகிழி. வெதுவெதுப்பான சோப்புநீரில் ஊறவைத்துத் தேய்த்தால் போதும். எழுத்து நெகிழிக்குள்ளேயே சாயமாக ஊறியிருப்பதால் அழியாது. முழுதாக உலர்ந்த பிறகே மாட்டுங்கள், தண்டில் தேங்கிய நீர் சுருளைத் துருப்பிடிக்க வைக்கும். உறையில் அசிட்டோன் படக் கூடாது. சுருளுக்கு எண்ணெயும் வேண்டாம். அது தூசியைப் பிடித்துவைத்து, ஆடுதகட்டின் அசைவை மந்தமாக்கும். துவண்ட பிறகு சுருள் ரீங்கரிப்பது தொந்தரவாக இருந்தால், அதன் உள்ளே ஒரு துண்டுப் பல்நூலை விட்டால் ரீங்காரம் அடங்கும், ‘டக்’ அப்படியே இருக்கும்.

இணைப்பில் ஒரு எச்சரிக்கை. பிசி எக்ஸ்டி காலத்து எஃப் பலகையும் பின்னால் வந்த ஏடி பலகையும் ஒரே 5 முள் செருகியைக் கொண்டவை, பேசும் நெறிமுறையோ வேறு. செருகியின் வடிவத்தை மட்டும் மாற்றும் இணைப்பி எக்ஸ்டி பலகைக்கு உதவாது. நெறிமுறையை யுஎஸ்பிக்குப் பெயர்த்துச் சொல்ல, ஏடிமெகா32யு4 போன்ற நுண்கட்டுப்படுத்தி கொண்ட மாற்றி நடுவில் இருக்க வேண்டும்.