ஐடலில் செயின் ஓடினால் டிரம்மைக் கழற்றிப் பாருங்கள்

“அண்ணே, கைய எடுத்தாலும் செயின் நிக்க மாட்டேங்குது. கார்பரேட்டரைக் கொஞ்சம் குறைச்சு விடுங்க.” மலேசியாவின் சிலாங்கூர் மாநிலத்தில் பெஸ்தாரி ஜெயா வட்டாரப் பட்டறைகளுக்குச் செயின்சாவைத் தூக்கி வருபவர்கள் வழக்கமாகச் சொல்வது இதுதான். (2007இல் பெயர் மாறினாலும் ஊர் வாயில் இன்னும் பத்தாங் பெர்சுந்தைதான்.) ஸ்க்ரூவை அரைச் சுற்று திருப்பிக் கொடுத்தால் செயின் நின்றுவிடும். ஆனால் ஐடல், அதாவது திராட்டில் விசையை அமுக்காதபோது எஞ்சின் ஓடும் வேகம், மிகவும் தாழ்ந்து மிஷின் அடிக்கடி அணையும். அணையாமல் இருக்க ஆள் திராட்டிலைப் பாதி அமுக்கியபடியே வேலை பார்ப்பார். கிளட்ச் பிடித்தும் பிடிக்காமலும் வழுக்கும், அதைச் சுற்றியிருந்து செயினை ஓட்டும் டிரம் சூடேறி நீலம் பாயும்.

பெரும்பாலான மிஷின்களில் ஐடல் நிமிடத்துக்கு 2,500 முதல் 3,000 சுற்று. அந்த வேகத்தில் கிளட்ச் ஷூக்களைச் சிறு ஸ்பிரிங்குகள் உள்ளே இழுத்துப் பிடித்திருக்கும். வேகம் ஏறினால்தான் ஷூ விரிந்து டிரம்மின் உள்சுவரைப் பற்றும். ஐடல் சரியாக இருந்தும் செயின் ஓடுகிறதென்றால் ஸ்பிரிங் தளர்ந்திருக்கும், அல்லது டிரம்முக்குள் இருக்கும் நீடில் பேரிங் காய்ந்து, டிரம் ஆடி ஷூவில் உரசும். இரண்டுமே கார்பரேட்டர் ஸ்க்ரூவுக்குக் கட்டுப்படாது.

செம்பனைத் தண்டு வெட்டும் மிஷின்களில் தேய்மானம் சீக்கிரம் வரும். பக்கத்துத் தென்னமரம் தோட்டத்தில்தான் 1917இல் இந்நாட்டின் முதல் வணிகச் செம்பனை நடவு நடந்தது. பேர் தென்னமரம், நட்டது செம்பனை! அந்தத் தண்டில் சிலிக்கா உண்டு, ஈர நாரும் உண்டு. நார் கவருக்குள் பஞ்சு போல அடைந்து பேரிங் பக்கம் புகுந்துவிடும். பால் மரம் (ரப்பர்) அறுத்தால் பாலும் தூளும் சேர்ந்து பிசினாக உறையும். சாயங்காலம் கவரைத் திறந்து பிரஷ்ஷால் தட்டிவிட ஐந்து நிமிடம் போதும். அதைச் செய்பவர்கள்தான் குறைவு.

தேய்வை எப்படி அளப்பது? டிரம்மோடு சுற்றிச் செயினை இழுக்கும் பல்சக்கரமான ஸ்பிராக்கெட்டின் பல்லில் செயின் ஓடிய தடம் பள்ளமாகத் தெரியும். பள்ளம் 0.5 மில்லிமீட்டரைத் தாண்டினால் மாற்ற வேண்டும். கேஜ் இல்லையா? பள்ளிப் பிள்ளைகளின் 0.5 மெக்கானிக்கல் பென்சில் லெட் ஒன்றை அந்தப் பள்ளத்தில் படுக்க வையுங்கள். முழுக்கப் புதைந்தால் அந்த ஸ்பிராக்கெட்டின் கதை முடிந்தது. டிரம்மில் நீல நிறமோ, முடி போன்ற விரிசலோ, வெளிப்புறத்தில் பிரேக் பட்டை அறுத்த பள்ளமோ இருந்தால் அளக்கவே வேண்டாம், தூக்கிப் போடுங்கள். பழைய பல்லில் புதுச் செயினை மாட்டினால், பிட்ச் (கண்ணிகளின் இடைவெளி) பொருந்தாமல் செயினின் அடிப்பற்கள் சிதையும். இரண்டு செயினுக்கு ஒரு ஸ்பிராக்கெட் என்பது நல்ல கணக்கு. வளைய வகையில் வளையத்தை மட்டும் மாற்றலாம். நட்சத்திர வகையில் பல்லும் டிரம்மும் ஒரே துண்டு, முழுசாகத்தான் மாற்ற வேண்டும்.

கழற்றுவதற்கு முன் ஸ்பார்க் பிளக் தொப்பியைப் பிடுங்குங்கள். முன்கைக் காப்பைப் பின்னால் இழுத்துச் செயின் பிரேக்கை விடுவியுங்கள். பிரேக் பட்டை டிரம்மைச் சுற்றி இறுக்கியிருந்தால் அது அசையாது. பலர் இங்கேதான் ஸ்க்ரூடிரைவரால் நெம்பிக் கெடுக்கிறார்கள்.

டிரம் வெளியே, கிளட்ச் உள்ளே இருக்கும் மாடலில் வேலை சுலபம். நுனியில் உள்ள இ-கிளிப் மேல் துணியைப் போட்டு மூடிக்கொண்டு நெம்புங்கள், இல்லையென்றால் புல்லுக்குள் பறந்துவிடும். பிறகு வாஷர், டிரம், பேரிங் என வரிசையாக வரும்.

கிளட்ச் வெளியே இருக்கும் மாடலில்தான் தவறு நடக்கிறது. அதன் மரை இடது மரை. ஓட ஓட இறுகும்படி செய்தது. ஆகவே கடிகாரச் சுற்றில் திருப்பினால்தான் கழலும். பல கிளட்ச்களில் அம்புக்குறியும் போட்டிருக்கும். திருப்பும்போது எஞ்சின் கூடவே சுற்றாமல் பிஸ்டனை நிறுத்த, பிளக் துவாரம் வழியாக நைலான் கயிறு விடலாம். ஆனால் பிஸ்டன் மேலேறி எக்சாஸ்ட் வாயை மூடிய பிறகே கயிற்றை உள்ளே விட வேண்டும். முன்னதாக விட்டால் கயிறு அந்த வாயில் சிக்கி நறுக்கப்படும், துண்டு உள்ளே தங்கும். ஃப்ளைவீல் இறக்கைக்கு நடுவே ஸ்க்ரூடிரைவரைச் சொருகி நிறுத்துவதும், ஷூவை உளி வைத்துச் சுத்தியால் அடிப்பதும் வேண்டவே வேண்டாம்.

பேரிங் உட்காரும் தண்டை விரலால் தடவிப் பாருங்கள். கீறலோ கருகலோ இருந்தால் புதுப் பேரிங்கும் நிலைக்காது. டிரம்மோடு பேரிங்கையும் மாற்றிவிடுவதே நல்லது. கிரீஸ் மெல்லிய பூச்சாக இருந்தால் போதும். அள்ளி அப்பினால் சுழலும்போது ஷூவில் தெறித்து, புது டிரம்மும் வழுக்கும். வாங்கும்போது பிட்ச்சைக் கேட்டு வாங்குங்கள்: 3/8, .325, .404 அங்குலம். டிரம், செயின், பார் மூன்றும் ஒரே பிட்ச்சாக இருக்க வேண்டும்.

மாட்டும்போது ஒன்றைக் கட்டாயம் கவனியுங்கள். பல மிஷின்களில் ஆயில் பம்பைச் சுற்றும் கம்பிக் கை ஒன்று டிரம்மின் விளிம்பிலுள்ள வெட்டில் உட்கார வேண்டும். டிரம்மை லேசாக அழுத்தியபடி மெதுவாகச் சுற்றினால் அது இறங்குவது கையில் தெரியும். உட்காராமல் இ-கிளிப்பை மாட்டினால் மிஷின் ஓடும், செயினும் ஓடும், எண்ணெய் மட்டும் வராது. பார் கருகிய பிறகுதான் தெரியவரும்.

எல்லாம் பூட்டியபின் மிஷினை ஐடலில் விட்டுப் பாருங்கள், செயின் அசையக்கூடாது. பிறகு பார் நுனியை வெள்ளைத் தாளுக்கு ஒரு சாண் மேலே பிடித்து, திராட்டிலைப் பாதி கொடுங்கள். சில வினாடிகளில் தாளில் எண்ணெய்க் கோடு விழ வேண்டும். விழவில்லையென்றால் தொட்டியையும் பாரின் எண்ணெய்த் துளையையும் பார்த்துவிட்டு, மறுபடி இ-கிளிப்பைக் கழற்றுங்கள். கம்பிக் கை வெட்டில் உட்காராமல் இருந்திருக்கும்.