மெயின்ஃப்ரேமில் வன்பொருள் குறியாக்கம்: விதி கேட்பது சாவியைப் பற்றி

வங்கிகளும் அரசுத் துறைகளும் பயன்படுத்தும் பெரிய கணினியான மெயின்ஃப்ரேமில் உள்ள தரவு, சாவி இல்லாமல் படிக்க முடியாதபடி குறியாக்கம் செய்யப்பட்டிருக்கிறது என்று சொன்னால் மட்டும் தணிக்கை முடிந்துவிடாது. அதைத் திறக்கும் சாவி எங்கே இருக்கிறது, அது எவர் கண்ணிலாவது படக்கூடியதா என்பதே அடுத்த கேள்வி. விதிகளின் கனமெல்லாம் அந்தக் கேள்வியில்தான் இருக்கிறது.

அமெரிக்கக் கூட்டாட்சி அரசுத் துறைகளுக்கு குறியாக்கச் சாதனங்களையும் மென்பொருளையும் சோதித்துச் சான்றளிப்பதற்கான எஃப்.ஐ.பி.எஸ். 140 தரநிலை கட்டாயம். சான்று பெறாத சாதனமோ மென்பொருளோ செய்த குறியாக்கத்தை, தரநிலையை வெளியிடும் நிஸ்ட் நிறுவனம் குறியாக்கமே செய்யாத வெற்றுத் தரவாகக் கருதுகிறது. பழைய 140-2 பதிப்பின் சான்றுகள் 2026 செப்டம்பர் 21-க்குப் பின் பழைய பட்டியலுக்கு மாற்றப்படும் என்பதால், புதிதாக வாங்குவோர் 140-3 சான்றைக் கேட்டு வாங்க வேண்டும்.

இத்தரநிலை மென்பொருளையும் ஏற்கிறது. அதில் உள்ள நான்கு நிலைகளில் எது தேவை என்பதைத் துறையே முடிவு செய்யலாம். வன்பொருள் இல்லாமல் முடியவே முடியாத இடம், பணம் எடுக்கும் இயந்திரத்தில் வாடிக்கையாளர் தட்டும் இரகசிய எண். ஒரு சாவியில் பூட்டி வரும் அந்த எண்ணைத் திறந்து அடுத்த வங்கியின் சாவியில் பூட்டி அனுப்பும் நொடியிலும், அது கணினியின் நினைவகத்தில் வெளிப்படையாக நிற்கக் கூடாது; மூன்றாம் நிலை அல்லது அதற்கு மேற்பட்ட எஃப்.ஐ.பி.எஸ். சான்றோ, கட்டண அட்டைகளுக்கான பாதுகாப்பு விதிகளை வகுக்கும் பி.சி.ஐ. அமைப்பின் ஒப்புதலோ பெற்ற பாதுகாப்பு வன்பொருள் பெட்டகத்துக்குள்ளேயே அந்த மாற்றம் நடக்க வேண்டும் என்கிறது பி.சி.ஐ. விதி.

ஐ.பி.எம். நிறுவனத்தின் இசட் வகை மெயின்ஃப்ரேம்களில் குறியாக்கத்துக்கென இரண்டு உறுப்புகள் உள்ளன. செயலியிலேயே அமைந்த சி.பி.ஏ.சி.எஃப். வேகமாகக் குறியாக்குகிறது, கட்டணமில்லை என்றாலும், ஏற்றுமதிக் கட்டுப்பாடு காரணமாக 3863 என்ற அம்ச எண்ணைக் குறிப்பிட்டுத் தனியே கேட்டுப் பெற்றால்தான் அது முழுமையாக இயங்கும். கணினியை வாங்கும் பட்டியலில் இந்தச் சிறு வரியை விட்டுவிட்டால் பின்னால் திட்டமிடுவதெல்லாம் தடைபடும். கிரிப்டோ எக்ஸ்பிரஸ் அட்டையோ, மற்றச் சாவிகளைப் பூட்டிக் காக்கும் தலைமைச் சாவியைத் தன்னுள் வைத்திருந்து, யாராவது துளைக்க முயன்றாலும், வெப்பமோ மின்னழுத்தமோ அளவு மீறினாலும் அதைத் தானே அழித்துவிடும்.

2017-இல் வந்த இசட்14 கணினி முதல் பெரிதும் முன்வைக்கப்படும், கோப்பு முழுவதையும் பூட்டும் தரவுத்தொகுப்புக் குறியாக்கத்தில், கோப்புக்கு ஓர் அனுமதியும் சாவியின் பெயருக்கு வேறோர் அனுமதியும் தேவை. அதனால் சேமிப்பக நிர்வாகி கோப்பை நகர்த்தலாம், நகலெடுக்கலாம். சாவிக்கு அனுமதி இல்லாததால் உள்ளே இருப்பதைப் படிக்க முடியாது. இந்தப் பிரிவினைதான் தணிக்கையில் காட்ட வேண்டிய முதல் சான்று என்பது என் கருத்து. சாவியை நீக்குமுன், பல ஆண்டுகளுக்கு முந்தைய காப்பு நாடாக்களில் எவையேனும் அதே சாவியால் பூட்டப்பட்டிருக்கின்றனவா என்று பார்க்க வேண்டும். சாவி போனால் அந்த நாடாக்களை எவராலும் திறக்க இயலாது.