வீட்டுக்காரர் பாலிசியில் உங்கள் சரக்கு இல்லை

போன வாரம் வேளச்சேரி பக்கம் ஒரு கட்டடத்துக்கு இன்சூரன்ஸ் சர்வேக்குப் போயிருந்தேன். கிளெய்ம் போட்டது வீட்டுக்காரர். தரைத்தளத்தில் முழங்கால் உயரத்துக்குத் தண்ணீர் நின்று சுவர் ஊறி, வயரிங் போயிருந்தது. ரோட்டை மேலே மேலே போட்டதில் கடை இரண்டு படி பள்ளத்தில் இருக்கிறது. நான் டேப்பைப் பிடித்து அளந்துகொண்டிருக்கையில், அங்கே ஜெராக்ஸ் கடை வைத்திருப்பவர் டீ வாங்கி வந்து நீட்டினார்.

"நம்ம சரக்கையும் சேர்த்து எழுதிக்குங்க சார்."

ஏ4 கட்டுகள் தண்ணீர் குடித்து உப்பியதில் கீழ்த்தட்டே வளைந்துவிட்டது. நோட்டுகள் ஒன்றோடொன்று ஒட்டிக் கட்டியாகிவிட்டன. "உங்க பாலிசியைக் காட்டுங்க" என்றேன்.

"அதான் ஓனர் போட்டிருக்காரே!"

இந்த மழைக்கு இந்தப் பதிலை நான் கேட்பது நான்காவது தடவை.

பொறுமையாகச் சொல்கிறேன். வீட்டுக்காரர் எடுத்தது கட்டடத்துக்கு. சுவர், தரை, கூரை, ஷட்டர், அவ்வளவுதான். உள்ளே இருக்கும் மெஷின், சரக்கு, மேஜை எல்லாம் உங்களுடையவை. தனக்குச் சொந்தமில்லாத சரக்கை அவர் தன் பாலிசியில் எழுதி வைக்கவும் மாட்டார். நீங்கள் வாடகையை ஒண்ணாம் தேதியே கொடுப்பவர், இருபது வருஷமாக அவரோடு அண்ணன் தம்பியாகப் பழகுபவர் என்பதெல்லாம் பாலிசிக்குத் தெரியாது. சரக்குக்கு வேண்டுமென்றால் உங்கள் பெயரில், நீங்கள்தான் எடுக்க வேண்டும்.

அடுத்தது, "லோன் போடும்போது பேங்க்ல இன்சூரன்ஸுன்னு பிடிச்சாங்களே!" அந்தக் காகிதத்தை ஒருமுறை வாங்கிப் பாருங்கள். பலருக்கு அது ஆயுள் காப்பீடாக இருக்கும். கடன் வாங்கியவர் இறந்தால் கடனை அடைக்க. நீங்கள் உயிரோடு இருக்கிறீர்கள், பேப்பர்தான் செத்துவிட்டது. சரக்குக்கே எடுத்திருந்தாலும் லோன் முடிந்தபின் அதைப் புதுப்பித்தீர்களா?

அரசு நிவாரணத்தை நம்புகிறவர்களுக்கு: 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலுக்கு ரேஷன் அட்டைக்குக் கிடைத்தது 6,000 ரூபாய். அது குடும்பத்துக்கு. கடைச் சரக்கைத் திரும்ப வாங்க அல்ல.

சின்னக் கடைக்கென்றே 2021 ஏப்ரல் 1 முதல் 'பாரத் சூக்ஷ்ம உத்யம் சுரக்ஷா' என்று ஒரு பாலிசி இருக்கிறது. ஓரிடத்தில் 5 கோடி ரூபாய் மதிப்பு வரை எடுக்கலாம். தீ மட்டுமல்ல, புயல், வெள்ளம், குழாய் வெடிப்பது, தொட்டி நிரம்பி வழிவது எல்லாம் அதற்குள் வரும். மாதக்கணக்கில் கசிந்து ஊறும் சுவருக்கு மட்டும் என்னிடம் வராதீர்கள்.

பிரீமியத்தை மிச்சம் பிடிக்க மதிப்பைக் குறைத்துச் சொல்கிற கெட்டிக்காரர்கள் உண்டு. 10 லட்சம் சரக்கை 5 லட்சம் என்று எழுதிக்கொடுத்து, 4 லட்சம் நஷ்டமானால், பாதி மதிப்புக்குத்தான் பாலிசி என்பதால் கைக்கு வருவதும் பாதிதான், சுமார் 2 லட்சம், அதிலும் பிடித்தம் போக. 15 சதவீதம் வரை குறைந்திருந்தால் விட்டுவிடுவார்கள், பாதியாகக் குறைத்தால் விடமாட்டார்கள். எங்களைத் திட்டிப் பிரயோஜனமில்லை.

சரக்கு வீட்டிலோ குடோனிலோ கொஞ்சம் இருந்தால் அந்த விலாசத்தையும் பாலிசியில் எழுதச் சொல்லுங்கள். கொள்முதல் பில்லைக் கல்லாவுக்கடியில் வைக்காதீர்கள், அதுவும்தான் நனையும். மாதம் ஒருமுறை கடையை போனில் படம் எடுத்து உங்கள் மனைவிக்கு அனுப்பிவையுங்கள், போதும். அட்டைப்பெட்டியைத் தரையில் வைக்காமல் மரப்பலகை போட்டு அதன்மேல் வையுங்கள். புயல் சின்னம் டிவியில் வந்தபிறகு பாலிசி கேட்டு போன் பண்ணாதீர்கள்.

தண்ணீர் வடிந்ததும் நாற்றம் தாங்காமல் எல்லாவற்றையும் குப்பை வண்டியில் ஏற்றிவிடாதீர்கள். கம்பெனிக்குத் தகவல் சொல்லிவிட்டு, படம் எடுத்து, ஓரமாக ஒதுக்கி வையுங்கள், நாங்கள் வந்து பார்க்கும்வரை. முக்கியமாக, நனைந்த மெஷினை 'ஓடுதா பார்ப்போம்' என்று ஸ்விட்ச் போடாதீர்கள், தயவுசெய்து. மெக்கானிக் திறந்து பார்க்கட்டும். ஜெராக்ஸ் கடைக்காரர் அதையும் செய்து பார்த்திருந்தார்.