குளிர்த்திப் பாட்டுக்குள் இருக்கிற காய்ச்சல்

கிழக்கிலங்கையில் எங்கள் பக்கம், கண்ணகை அம்மனைக் குளிரப்பண்ணும் வைகாசிக் குளிர்த்தி இரவில் கோயில் வீதியில் ஒரு முதலுதவிக் கொட்டகை போடுவார்கள். நான்கு வருடமாக அங்கே நிற்கிற வைத்தியர் பட்டியலில் என் பெயரும் இருக்கிறது. ஒரு மடக்குக் கட்டில், பிரஷர் பார்க்கிற கருவி, ஒரு வாளித் தண்ணீர், ஒரு பெட்டி ஜீவனி (தண்ணீரில் கரைத்துக் குடிக்கிற உப்பும் சர்க்கரையும் கலந்த தூள்). இரவு பத்து மணிக்கும் சட்டை முதுகோடு ஒட்டிக்கொண்டுதான் கிடக்கும். நாள் முழுக்க விரதம் பிடித்த பெண்கள் மயங்கி வருவார்கள். காலைக் கொஞ்சம் உயர்த்திப் படுக்க வைத்து, நினைவு தெளிந்ததும் ஜீவனி குடிக்கக் கொடுத்தால் பெரும்பாலும் எழுந்து உட்கார்ந்துவிடுவார்கள். உட்கார்ந்ததும் கேட்கும் முதல் கேள்வி, "பாட்டு முடிஞ்சிட்டுதா டொக்டர்?"

அந்தப் பாட்டைப் பிறந்ததிலிருந்து கேட்கிறேன். சொற்களைக் கவனித்தது அந்தக் கொட்டகையில் இருந்தபோதுதான். மதுரையை எரித்துவிட்டு வெப்பம் தணியாமல் நிற்கிற ஒருத்தியைப் பார்த்து, குளிர்ந்துவிடு தாயே, குளிர்ந்துவிடு என்று விடாமல் கெஞ்சுகிறார்கள். பாடி முடிந்ததும் மஞ்சளும் வேப்பிலையும் போட்ட தண்ணீரைச் சனத்தின்மேல் தெளிக்கிறார்கள். பக்தியை ஒரு பக்கம் வைத்துவிட்டு ஒரு வைத்தியனாகக் கேட்டால், இது காய்ச்சல்காரருக்குச் செய்கிற பணிவிடை. யாருக்கோ உடம்பு கொதிக்கிறது, யாரோ தண்ணீர் தெளிக்கிறார்கள்.

ஏன் வைகாசியில்? காரைதீவு, தம்பிலுவில், செட்டிபாளையம் என்று எந்த ஊரை எடுத்தாலும் அம்மன் கதவு திறப்பது இந்த மாதத்தை ஒட்டித்தான். எங்களுக்கு மழை ஐப்பசியில் தொடங்கித் தையோடு அடங்கிவிடும். கொழும்புப் பக்கம் வைகாசியில் மழை கொட்டத் தொடங்கும்போது இங்கே வானம் வெளுத்துக் கிடக்கும். அந்தத் தென்மேற்குக் காற்று மலைநாட்டில் ஏறி, தண்ணீரை அங்கேயே இறக்கிவிட்டு, எங்கள் பக்கம் இறங்கும்போது காய்ந்து சூடேறி வருகிறது. அதுதான் கச்சான். (நிலக்கடலைக்கும் நாங்கள் கச்சான் என்றுதான் சொல்வோம். வறுத்தெடுப்பதில் இரண்டுக்கும் வித்தியாசமில்லை.) கச்சான் வீசத் தொடங்கினால் குளம் இறங்கும், கிணறு இறங்கும், வீட்டில் ஒருவருக்குக் காய்ச்சல் என்றால் நாலு வீட்டில் காய்ச்சல். அதற்கு முன்பே அம்மனைக் குளிரப்பண்ணிவிட வேண்டும் என்று அந்தக் காலத்து ஆட்கள் நினைத்திருந்தால் அதில் ஆச்சரியம் இல்லை.

இதற்குச் சாட்சி சிலப்பதிகாரத்தின் தொடக்கத்தில் இருக்கிற உரைபெறு கட்டுரை. கோவலன் கொலையுண்ட பிறகு பாண்டிய நாட்டில் மழை பொய்த்து, வறுமை வந்து, "வெப்பு நோயும் குருவும்" தொடர்ந்தன என்கிறது. குரு என்றால் கொப்புளம். வரட்சி, பசி, காய்ச்சல், உடம்பில் கொப்புளம் என்ற வரிசையை ஒரு மருத்துவ மாணவன் பரீட்சையில் எழுதியிருந்தால் முழுப் புள்ளி கொடுத்திருப்பேன். அதைக் கேட்டுப் பத்தினிக்குக் கோட்டம் கட்டி விழா எடுத்தவர்களில் "கடல்சூழ் இலங்கைக் கயவாகு" என்பவனும் ஒருவன். விழா எடுத்தபின் மழை பெய்தது, விளைச்சல் தவறவில்லை என்று கதை முடிகிறது. எங்கள் குளிர்த்தியின் வேர் அங்கே இருக்கிறது. குளிர்த்திக்கு முந்திய இரவுகளில் கண்ணகி வழக்குரை என்கிற கதைப்பாடலைப் படிப்பதும் அந்த வழியில் வந்ததுதான். வரட்சி கடுமையானால் கொம்புமுறி விளையாட்டு வைத்து, வடசேரி, தென்சேரி என்று ஊரே இரண்டாகப் பிரிந்து கொம்பு இழுத்ததும் அதே அம்மனுக்காகத்தான்.

அந்தக் குரு எந்த நோய் என்று ஒரு வரியை வைத்துக்கொண்டு நான் டயக்னோசிஸ் எழுத மாட்டேன். ஆனால் இந்தப் பாட்டுகளை எங்கள் பாட்டன் பூட்டன் பாடியபோது அவர்கள் மனதில் இருந்தது வைசூரி, அதாவது பெரியம்மை. வந்த பத்துப் பேரில் மூன்று பேரைக் கொண்டுபோன நோய். இந்தப் பக்கத்து நாடுகளில் அது காய்ந்த மாதங்களில்தான் தலைவிரித்தாடியது. வங்காளிகள் அதற்கு வைத்த பெயரே வசந்த நோய். எங்களுக்கு வசந்தன் என்றால் கோலாட்டமும் பாட்டும். அவர்களுக்கு வசந்தம் என்றால் வைசூரி. தமிழில் அந்தத் தெய்வத்துக்கு மாரி, அதாவது மழை, என்று பெயர் வைத்தவர்கள் நோயையும் மருந்தையும் ஒரே சொல்லில் கும்பிட்டிருக்கிறார்கள். இயற்கையாகப் பரவிய கடைசி வைசூரி 1977இல் சோமாலியாவில் வந்தது. 1980இல் உலக சுகாதார நிறுவனம் அது ஒழிந்துவிட்டது என்று அறிவித்தது. தடுப்பூசியால் ஒழிந்தது.

வைசூரி போனாலும் பயம் போகவில்லை. இன்று அந்த இடத்தில் கொப்புளிப்பான், அதாவது சின்னம்மை, இருக்கிறது.

இரண்டு வருடத்துக்கு முன் ஒரு தாய் தன் மகனை ஓட்டோவில் கூட்டிவந்தார். வயது முப்பத்திரண்டு, மேசன் வேலை, நாளுக்கு ஒரு பெட்டி சிகரெட். உடம்பு முழுக்கக் கொப்புளம், ஐந்தாம் நாள். வாயைத் திறந்தால் ஒரு வசனத்தை முடிக்க மூச்சு இல்லை. விரலில் மாட்டிப் பார்த்தால் ஒட்சிசன் 84.

"அம்மாள் வந்திருக்கா டொக்டர். ஊசி மருந்து எண்டு போனா கோவிச்சிருவா எண்டு பயந்து வச்சிருந்தம்" என்றார் தாய். அவர் கையில் வேப்பிலைக் கொத்து இருந்தது. தாதி அதை வாங்கக் கை நீட்டினார். நான் வேண்டாம் என்றேன். கட்டில் தலைமாட்டில் இருந்துவிட்டுப் போகட்டும்.

நெஞ்சுப் படத்தில் இரண்டு நுரையீரலும் பஞ்சைப் பிய்த்துப் போட்டமாதிரி. சின்னப் பிள்ளைக்கு ஒரு வாரத்தில் ஆறிவிடுகிற நோய்தான். வளர்ந்தவருக்கு வந்தால், அதுவும் புகைக்கிறவர் என்றால், நுரையீரலில் இறங்கலாம். அசைக்ளோவிர் என்ற மருந்து இருக்கிறது. முதல் கொப்புளம் கண்டு 24 மணி நேரத்துக்குள் தொடங்கினால்தான் அதன் முழுப் பலன். ஐந்தாம் நாளில் அதையே நரம்பு வழியாக ஏற்றிக்கொண்டு, ஒட்சிசனையும் கொடுத்துக்கொண்டு காத்திருக்க வேண்டியதாயிற்று. பிழைத்தார். பதினோராம் நாள் நடந்து வீட்டுக்குப் போனார்.

எனக்கு அதைவிடப் பெரிய பயத்தைக் கொடுத்தது வேறு விஷயம். "வீட்டில் வேறு யார்?" என்று கேட்டபோது, "மருமகள், ஏழு மாசம்" என்றார் தாய். ஒரே அறை, ஒரே பாய். நல்ல காலம், மருமகளுக்குச் சின்ன வயதிலேயே வந்து போயிருந்தது. வராதவராக இருந்திருந்தால் அவருக்கும் ஆபத்து, வயிற்றுப் பிள்ளைக்கும் ஆபத்து. பிரசவத்துக்கு 5 நாள் முன்னிருந்து 2 நாள் பின்வரை தாய்க்குக் கொப்புளம் கண்டால் பிறக்கிற சிசுவின் உயிரே போகக்கூடும். கர்ப்பிணி இருக்கிற வீட்டில் யாருக்காவது கொப்புளிப்பான் என்றால், கர்ப்பிணிக்கு ஒன்றும் இல்லாவிட்டாலும் அன்றைக்கே கிளினிக்கில் சொல்லுங்கள்.

அம்மாள் வந்த வீட்டில் செய்கிறதெல்லாம் மூடநம்பிக்கை என்று பேசுகிற வைத்தியர்களோடு எனக்கு ஒத்துவராது. படலையில் வேப்பிலை கட்டினால் அயலார் உள்ளே வரமாட்டார்கள். அதுதான் நாங்கள் சொல்கிற தனிமைப்படுத்தல். ஏற்கெனவே வந்து போனவர்தான் நோயாளிக்குப் பக்கத்தில் இருப்பார், அதுவும் சரி. இளநீர், மோர், கஞ்சி எல்லாம் சரிதான். பிழை இரண்டு இடத்தில் இருக்கிறது. ஒன்று, கொப்புளம் தெரிவதற்கு ஓரிரு நாள் முன்னமே இது தொற்றத் தொடங்கிவிடும். வேப்பிலை கட்டும்போது பாதி வகுப்புக்குப் பரவியிருக்கும். கடைசிக் கொப்புளமும் காய்ந்து பொருக்குத் தட்டும்வரை வெளியே விடக்கூடாது. தொற்றியவருக்குத் தெரியவர 10 முதல் 21 நாள் ஆகலாம் என்பதால், ஒருவர் தேறியதும் அடுத்தவர் படுப்பதைப் பார்த்துச் சனம் அம்மாளின் கோபம் தணியவில்லை என்று நினைக்கிறது. மற்றது, மருந்து எடுத்தால் கோபிப்பாள் என்பது. பாட்டு முழுக்கக் குளிரச் சொல்லிவிட்டு, குளிர்விக்கிற மருந்தைக் கொடுத்தால் ஏன் கோபிப்பாள்? காய்ச்சலுக்குப் பனடோல் (பரசிட்டமோல்) போதும், பிள்ளைகளுக்கு அஸ்பிரின் கூடவே கூடாது. தண்ணீர் வார்க்க நாள் பார்க்க வேண்டியதில்லை. தினமும் இளஞ்சூட்டு நீரில் குளிக்கலாம். நகத்தை ஒட்ட வெட்டிவிடுங்கள். அரைத்த வேப்பிலையை உடைந்த கொப்புளத்தில் அப்ப வேண்டாம், கிருமி பிடிக்கும்.

இதற்கு நேர் எதிரான ஒரு கோடைப் பாட்டு உண்டு. மருத்துவ பீட விடுதியில் பக்கத்து அறை நண்பன் கசட்டில் போட்டுத் தேய்த்தது. ஜோர்ஜ் கெர்ஷ்வின் இசையமைத்து 1935இல் மேடையேறிய 'போர்கி அண்ட் பெஸ்' இசைநாடகத்தில் வருகிற 'சம்மர்டைம்'. கோடை வந்துவிட்டது, வாழ்வு சுகம், அழாதே என்று கிளாரா என்கிற இளம் தாய் பாடுகிற தாலாட்டு. தனியாகக் கேட்டால் கண் சொக்கும். ஆனால் நாடகத்தில் நடப்பது வேறு. கிளாராவின் கணவன் ஜேக் மீனவன். கடலுக்குப் போனவன் சூறாவளியில் அகப்படுகிறான். படகைத் தேடி ஓடுகிற கிளாரா பிள்ளையை பெஸ்ஸின் கையில் கொடுத்துவிட்டுப் போகிறாள், அவளும் திரும்பவில்லை. அப்பாவும் அம்மாவும் பக்கத்தில் இருக்கும்வரை உன்னை ஒன்றும் அண்டாது என்று பாடிய அதே தாலாட்டை, இரண்டு பேரும் இல்லாத பிள்ளைக்கு பெஸ் பாடுகிறாள். 1978ஆம் ஆண்டுச் சூறாவளியைப் பார்த்த ஊரில் பிறந்தவனுக்கு இந்தக் கதை தெரிந்தபின் அந்தப் பாட்டில் கண் சொக்குவதில்லை. அழகில் அது பெரிய பாட்டு. ஆனால் கோடையைப் பற்றி நம்பகமான தகவல் வேண்டுமென்றால் நான் குளிர்த்திப் பாட்டிடம்தான் போவேன். அது பயப்படுகிறது.

நாங்கள்தான் பயப்பட மறந்துவிட்டோம்.

போன ஆவணியில் ஒருவரைக் கொண்டுவந்தார்கள். வயது ஐம்பத்தைந்து இருக்கும். சிறுபோக நெல்லை வீதியோரம் காயப்போட்டுக் காலை எட்டு மணியிலிருந்து கிளறிக்கொண்டிருந்தவர். மதியம் தாண்டி உளறத் தொடங்கியிருக்கிறார். மாட்டைக் கூப்பிட்டாராம், அந்த இடத்தில் மாடே இல்லை. "குடிச்சிட்டார் எண்டு நினைச்சு மரத்துக்குக் கீழ கிடத்திட்டு எங்கட வேலையைப் பார்த்தம் டொக்டர்" என்றான் கூட வந்த பொடியன். கிடத்தி ஒரு மணி நேரம். தொட்டால் கை சுட்டது, தோல் காய்ந்திருந்தது, வெப்பமானி 41.3 காட்டியது. வாயில் சாராய வாடையே இல்லை. குளிர்ந்த நீர் ஊற்றினோம், விசிறினோம், எல்லாம் செய்தோம். சிறுநீரகம் கைவிட்டது. மூன்றாம் நாள் போய்விட்டார்.

வெயிலில் நின்றவர் உளறினால், தள்ளாடினால், கோபப்பட்டால், குடித்திருக்கிறார் என்று எடுக்கவே வேண்டாம். உடம்பு 40 பாகையைத் தாண்டி மூளை வேகத் தொடங்கியிருக்கும். நிழலுக்குக் கொண்டுபோய், சட்டையைக் கழற்றி, கிடைத்த தண்ணீரை உடம்பெல்லாம் ஊற்றி, சாரத்தாலோ மட்டையாலோ விடாமல் விசிறுங்கள். கழுத்து, அக்குள், தொடை இடுக்கில் ஈரத்துணி. ஒருவர் 1990 என்ற அம்புலன்ஸ் இலக்கத்துக்கு அழைக்கட்டும். வாகனம் வரும்வரை தண்ணீர் ஊற்றுவதை நிறுத்தாதீர்கள். நினைவு தடுமாறுகிறவர் வாயில் எதையும் ஊற்றக்கூடாது. பனடோல் இந்தச் சூட்டுக்கு வேலை செய்யாது.

முன்பு களவெட்டியில் மாடு விட்டுச் சூடு மிதித்தது நிலவில். (நெற்கதிர்க் குவியலுக்கும் எங்களுக்குச் சூடு என்றுதான் பெயர்.) சூடு மிதிக்கும்போது பாடுகிற பொலிப்பாட்டு இராப்பாட்டாக இருந்ததற்கு அழகுணர்ச்சி மட்டும் காரணமாக இருக்க முடியாது, எருமை உச்சி வெயில் தாங்காது. எருமைக்குப் பார்த்த நேரத்தில் மனிதனும் தப்பினான். இன்றைக்கு வெட்டு மெசின் வந்து நெல்லை ஈரமாகவே கொட்டிவிட்டுப் போகிறது, காயவைக்கிற வேலை நேரே உச்சி வெயிலுக்குள் வந்து விழுந்துவிட்டது. பதினொன்றுக்கும் மூன்றுக்கும் இடையில் நெல் காயும் படங்குக்குப் பக்கத்தில் யாரும் நிற்க வேண்டாம் என்று வயல் சொந்தக்காரரான வட்டைப் போடிமாரிடம் சொல்லிப் பார்க்கிறேன். மழை இருட்டு வந்தால் என்ன செய்வது என்று திருப்பிக் கேட்கிறார்கள். நியாயமான கேள்விதான். ஆளை மாற்றி மாற்றி நிறுத்துங்கள், அரை மணிக்கு ஒருதரம் தண்ணீர் கொடுங்கள் என்பதுதான் என்னிடம் இருக்கிற பதில். பிரஷருக்கு, நீர் போவதற்கு மாத்திரை எடுக்கிற வயதானவர்களை அந்த வேலைக்கு விடவே வேண்டாம்.

இந்த வருடம் குளிர்த்தி இரவில் கோயில்காரரிடம் கேட்டு, பாட்டுகளுக்கு இடையில் வாசிக்க ஆறு வரி எழுதிக் கொடுத்தேன். ஒலிபெருக்கியில் வாசித்தவர் வழக்குரை படித்துப் பழகிய பெரியவர். அவருக்குச் சாதாரணமாக வாசிக்க வராது போலிருக்கிறது. "கர்ப்பிணித் தாய்மாரே" என்று தொடங்கியவர் அப்படியே இராகம் எடுத்துவிட்டார். கொட்டகையில் இருந்த தாதிமார் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். ஆனால் வீதியில் கச்சான் வறுத்துக்கொண்டிருந்த பெண் அகப்பையை நிறுத்திவிட்டுக் கேட்டார். எட்டு வருடமாக நான் பேசிய ஒரு கருத்தரங்கிலும் யாரும் அப்படிக் கேட்டதில்லை.

அடுத்த வருடத்துக்கு முழுதாகப் பாட்டாகவே எழுதித் தரச் சொல்கிறார் பெரியவர். உட்கார்ந்து பார்த்தேன். ஜீவனி மெட்டுக்குள் அழகாக வந்து உட்காருகிறது. அசைக்ளோவிர்தான் எந்தக் கண்ணியிலும் அடங்கமாட்டேன் என்கிறது.