காது சத்தத்துக்குப் பழகாது

நான் திருநெல்வேலியில் காது டாக்டர். போன வாரமும் ஒரு பையன் வந்தான். வயது 22. காதுக்குள் இரவும் பகலும் ‘கொய்ங்’ என்று ஓர் இரைச்சல், படுத்தால் தூக்கம் வரவில்லை என்றான். எந்தச் சுருதி ஒலி எவ்வளவு கேட்கிறது என்று கோடு போட்டுக் காட்டும் ஆடியோகிராம் எடுத்தோம்; சுருதிக்கு அளவு ஹெர்ட்ஸ், கோடு இறங்கினால் கேட்பது குறைகிறது என்று அர்த்தம். 2000 ஹெர்ட்ஸ் வரை கோடு ஒழுங்காக வந்தது. 4000-இல் சடாரென்று கீழே இறங்கி, 8000-இல் கொஞ்சம் மேலே ஏறியது. இரண்டு காதிலும் அப்படித்தான். இந்தப் பள்ளத்தைப் பஞ்சாலையில் காலம் முழுக்க வேலை பார்த்தவர்களிடமும் கல் கிரஷரில் நின்றவர்களிடமும் பார்த்திருக்கிறேன். மீசை சரியாக முளைக்காத பிள்ளைகளிடம் இப்போது பார்க்கிறேன்.

“என்ன வண்டி தம்பி?” என்று கேட்டேன். புல்லட். கம்பெனி சைலன்சரைக் கழற்றிவிட்டு வேறொன்று மாட்டி, அதற்குள் சத்தத்தைக் குறைக்க வைத்திருந்த டிபி கில்லர் என்ற குழாயையும் உருவி எறிந்திருக்கிறான். ஹெட்போனும் உண்டு, பழியை முழுக்க வண்டி மேல் போட மாட்டேன். “மொதல்ல காதை அடைச்சுது சார், அப்புறம் பழகிட்டு” என்றான். கூட வந்த அம்மா, “தெருவுல எல்லாருக்கும் பழகிட்டு டாக்டர்” என்றார்.

எனக்குக் கோபம் வருவது இந்த இடத்தில்தான். பெருமாள்புரத்திலிருந்து வருகிறவரும் இதைத்தான் சொல்கிறார், பேட்டையிலிருந்து வருகிறவரும் இதைத்தான் சொல்கிறார். படித்தவர், படிக்காதவர் என்ற வித்தியாசமே இல்லை. அதனால் கொஞ்சம் விளக்கமாகவே சொல்லிவிடுகிறேன்.

காது பழகாது. உள்காதில் ஒலியை வாங்கும் மயிர் செல்கள் ஒரு காதுக்குச் சுமார் 15,000 இருக்கின்றன. பிறக்கும்போது இருப்பதுதான் கணக்கு. செத்தது மறுபடி முளைக்காது. பெருஞ்சத்தம் பட்டால் முதலில் அவை களைத்துப்போகும். வண்டியை விட்டு இறங்கியதும் காது அடைத்த மாதிரி இருப்பதும், ஊர்ப் பேச்சு தூரத்தில் கேட்பதும் அதனால்தான். ஒரு ராத்திரி அமைதியாகத் தூங்கினால் பெரும்பாலும் சரியாகிவிடும். மறுநாளும் அதே சத்தம், அதற்கு மறுநாளும் அதே சத்தம் என்றால் கொஞ்சம் கொஞ்சமாகச் சாகும். செத்த பிறகு சத்தம் முன்போல் உறைக்காது. அதைத்தான் இவர்கள் பழக்கம் என்கிறார்கள். தொந்தரவு தெரியவில்லை என்றால் காது தேறிவிட்டது என்று நினைக்காதீர்கள், கேட்கும் சக்தி போய்க்கொண்டிருக்கிறது என்று எடுத்துக்கொள்ளுங்கள்.

4000 ஹெர்ட்ஸ் பக்கத்து உயர்ந்த சுருதி ஒலி மட்டும் கேட்காமல் போனால் ஒருவன் செவிடாகிவிட மாட்டான். அதனால்தான் யாரும் கண்டுகொள்வதில்லை. க, ப, த, ச போன்ற மெய்யொலிகள்தான் மங்கும். வீட்டில் எதிரே உட்கார்ந்து பேசினால் புரியும். கல்யாண மண்டபத்தில், ஜங்ஷன் பஸ் ஸ்டாண்டில் தடுமாறுவான். “சத்தம் கேக்கு டாக்டர், என்ன சொல்லுதாங்கன்னுதான் வெளங்கல” என்று அறுபது வயதில் சொல்ல வேண்டியதை முப்பதில் வந்து சொல்வான்.

தெருவில் இருப்பவர்களுக்கும் பழகுவதில்லை. டவுன் பக்கத்துத் தெருக்களில் வீடுகள் ஒன்றோடொன்று ஒட்டி, வாசல் நேராகத் தெருவில் திறக்கும். தார்சாவில், அதாவது வீட்டின் முன்பகுதியில், கட்டில் போட்டுப் படுத்திருக்கும் ஆச்சிக்கும் சைலன்சருக்கும் நடுவில் ஒரு மரக்கதவுதான் இருக்கும். இரண்டு பக்கச் சுவரிலும் பட்டுத் திரும்பும் சத்தம் போக வழியில்லை. தூங்கும்போது கண் மூடும், காது மூடாது. ஆச்சி விழிக்காவிட்டாலும் இதயத் துடிப்பும் ரத்த அழுத்தமும் அந்த நேரத்தில் ஏறும். இரவு இரண்டு மணிக்குக் கைக்குழந்தை வீறிட்டு எழுந்தால் அந்த வீட்டில் யாருக்குத் தூக்கம்? ஈரடுக்குப் பாலத்துக்கு அடியில் எதிரொலிக்காகவே முறுக்குகிறவர்களையும் பார்க்கிறேன். அங்கே நடந்து போகிறவர் காது என்ன பாவம் செய்தது?

சத்தத்தை அளக்கும் டெசிபெல் கணக்கை ஒரு வரியில் சொல்கிறேன், இதில் ஏமாறுகிறவர்கள் அதிகம். 85 டெசிபெலில் 8 மணி நேரம் தாங்கும் என்று வைத்தால், ஒவ்வொரு 3 டெசிபெல் கூடும்போதும் நேரம் பாதியாகும். 100-க்கு வந்தால் 15 நிமிடம். தடுப்பு எதுவும் இல்லாத சைலன்சர் அந்த 100-ஐச் சுலபமாகத் தொடும். நம் நாட்டு 2000-ஆம் ஆண்டு ஒலி மாசு விதிகளில் குடியிருப்புப் பகுதிக்குப் பகல் 55, இரவு 45 டெசிபெல்தான் அளவு. மருத்துவமனை, பள்ளிக்கூடம், நீதிமன்றம் இவற்றைச் சுற்றி 100 மீட்டர் வரை அமைதி மண்டலமாக அறிவிக்கவும் இடம் இருக்கிறது. ஹைகிரவுண்ட் அரசு மருத்துவமனையையும் பாளையங்கோட்டைப் பள்ளிக்கூடங்களையும் நினைத்துப் பாருங்கள், அந்த வட்டத்துக்கு வெளியே எத்தனை தெரு மிஞ்சும்? காது கேளாத பிள்ளைகளுக்கு 1890-களிலேயே பள்ளி தொடங்கிய ஊர் இது. நல்ல காதோடு பிறந்தவர்கள் அதைத் தாங்களாகவே கெடுத்துக்கொள்வதை இந்த ஊரில் பார்க்க எனக்குத் தாங்கவில்லை.

சரி, என்ன செய்யலாம்?

தம்பிமாரே, கம்பெனி சைலன்சரை மறுபடி மாட்டுங்கள். வண்டி வேகம் கூடும் என்பதற்காகக் கழற்றினேன் என்று சொல்லாதீர்கள்; உங்களுக்கு வேண்டியது சத்தம் என்பது எல்லோருக்கும் தெரியும். பழைய வண்டி என்றால் சைலன்சர் துருப்பிடித்து ஓட்டை விழுந்திருக்கலாம், இன்ஜினோடு சேரும் இடத்தில் பேக்கிங் போயிருக்கலாம். மெக்கானிக்கிடம் காட்டுங்கள், பெரிய செலவு இல்லை. காலையில் வீட்டு வாசலில் நின்று முறுக்க வேண்டாம். பஞ்சை வைத்துக்கொண்டு காதைக் காப்பாற்றிவிட்டதாக நினைக்க வேண்டாம்.

பெற்றோருக்கு: “சின்னப் பையன், ரெண்டு வருஷத்துல விட்டுருவான்” என்று விடாதீர்கள். அந்த ரெண்டு வருஷத்தில் போனது திரும்பாது. வண்டிக்குப் பணம் கொடுத்தது நீங்கள், சாவியை வாங்கி வைக்கவும் உங்களால் முடியும். இப்படிச் சத்தம் கிளப்பும் வண்டியை ஓட்டினால் மோட்டார் வாகனச் சட்டம் பிரிவு 190(2)-இன்படி 10,000 ரூபாய் வரை அபராதமோ 3 மாதம் வரை சிறையோ கிடைக்கலாம், லைசென்ஸும் 3 மாதம் போகும்.

தெருக்காரர்கள் சண்டைக்குப் போக வேண்டாம். முதலில் வீட்டாரிடம் பேசுங்கள். கேட்காவிட்டால் வண்டி நம்பரையும் நேரத்தையும் குறித்து போலீசில் எழுதிக் கொடுங்கள்.

இரைச்சல் ஒரு நாளுக்கு மேல் நீடித்தாலோ, திடீரென்று ஒரு காது கேட்காமல் போனாலோ எண்ணெய் காய்ச்சி ஊற்றிக்கொண்டு வீட்டில் இருக்காதீர்கள். இரண்டு மூன்று நாளுக்குள் வந்தால் மருந்துக்கு வாய்ப்பு உண்டு, ஒரு மாதம் கழித்து வந்தால் என் கையில் பெரிதாக எதுவும் இருக்காது. வெறும் கேட்புப் பரிசோதனைக்கு வருகிறவர்கள் முந்தின நாள் சாயங்காலத்திலிருந்தே வண்டியை எடுக்க வேண்டாம். களைத்த காதில் எடுத்த ஆடியோகிராமை நம்ப முடியாது. பஸ்ஸில் வாருங்கள்.