முருங்கை இலைப் பொடி: டப்பாக் கணக்கும் ஸ்பூன் கணக்கும்

பாலைவிடப் பல மடங்கு கால்சியம், பசலைக்கீரையைவிடப் பல மடங்கு இரும்பு என்று முருங்கை இலைப் பொடி டப்பாவில் அச்சிட்டிருப்பார்கள். பொய் என்று சொல்லிவிட முடியாது. 100 கிராம் காய்ந்த பொடியை 100 கிராம் பாலோடும் ஈரமான கீரையோடும் பக்கத்தில் வைத்துப் போட்ட கணக்கு அது. பச்சை முருங்கை இலையில் முக்கால் பங்கு தண்ணீர்தான். அது வற்றிப் போனால் மிச்சமெல்லாம் செறிந்துதான் நிற்கும். பசலையைக் காயவைத்து அரைத்தாலும் இப்படித்தான் ஆகும்.

அதனால் ஆலோசனைக்கு வருகிறவர்களிடம் நான் முதலில் கேட்பது, "ஒரு நாளைக்கு எவ்வளவு போடுறீங்க?" என்பதைத்தான். ஒன்றோ இரண்டோ டீஸ்பூன் என்பார்கள். இரண்டு டீஸ்பூன் ஏறக்குறைய 5 கிராம். 100 கிராம் பொடியில் சுமார் 25 கிராம் புரதம், 2,000 மி.கி. கால்சியம், 28 மி.கி. இரும்பு என்று வைத்துக்கொள்வோம் (மண்ணையும் இலையின் முதிர்ச்சியையும் பொறுத்து இது நிறையவே மாறும்). அப்படியானால் உங்கள் 5 கிராமில் இருப்பது ஒரு கிராமுக்குச் சற்று மேல் புரதம், 100 மி.கி. கால்சியம், ஒன்றரை மி.கி.க்கும் குறைவான இரும்பு. ஒரு டம்ளர் பாலில் இதைப்போல இரண்டு மடங்குக்கு மேல் கால்சியம் இருக்கிறது.

சரி, அப்போ பொடியே வீணா? இல்லை. இரண்டு ஸ்பூனில் இவ்வளவு கிடைப்பது ஒரு இலைக்கு நல்ல மதிப்பெண்தான். கீரை சாப்பிட அடம்பிடிக்கும் குழந்தைக்கும், நிறையச் சாப்பிட முடியாத முதியவருக்கும் இது உண்மையிலேயே கைகொடுக்கும். உணவோடு சேரும் உணவாக இருக்கும்வரை எனக்கு இதில் ஒரு புகாரும் இல்லை. மருந்தின் இடத்தில் கொண்டுபோய் வைக்கும்போதுதான் சிக்கல்.

ஹீமோகுளோபின் குறைந்து ஒரு பெண் வந்திருந்தார். மருத்துவர் கொடுத்த இரும்பு மாத்திரை மலச்சிக்கல் தருகிறது என்று அதை நிறுத்திவிட்டு, காலையில் பொடியைத் தேநீரில் கலந்து குடித்து வந்திருக்கிறார். மாத்திரையில் இருந்தது 60 மி.கி. இரும்பு. பொடியில் இருந்தது ஒன்றரை மி.கி.கூட இல்லை. அதுவும் தாவர இரும்பு. உடல் அதில் கொஞ்சத்தைத்தான் எடுத்துக்கொள்ளும். அந்தக் கொஞ்சத்தையும் தேநீரின் துவர்ப்புப் பொருள்கள் பிடித்து வைத்துக்கொள்ளும். மலச்சிக்கலை மருத்துவரிடம் சொல்லி மாத்திரையை மாற்றிக்கொள்ளும்படி அனுப்பினேன். பொடியை மதியச் சாப்பாட்டுக்குத் தள்ளி, மேலே எலுமிச்சை பிழிந்துகொள்ளச் சொன்னேன். பச்சை இலையில் இருக்கும் வைட்டமின் சி காயும்போதே பெரும்பாலும் போய்விடுகிறது, அதனால்தான் எலுமிச்சை. இரும்பு உடலில் சேர அது உதவும். உணவில் கொஞ்சம் எண்ணெயோ நெய்யோ இருந்தால் இலையின் பீட்டா கரோட்டினும் (உடலில் வைட்டமின் ஏ ஆக மாறும் சத்து) நன்றாகச் சேரும்.

சிலர் மருத்துவரைக் கேட்காமல் தொடங்கவே கூடாது. ரத்தம் உறையாமல் இருக்க வார்ஃபரின் சாப்பிடுகிறவர்கள் முதலில். இந்த இலையில் வைட்டமின் கே அதிகம். திடீரெனத் தொடங்கினாலும் திடீரென நிறுத்தினாலும் மருந்தின் வேலை தடுமாறும். சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் பொட்டாசியத்தை நினைத்து ஒதுங்கி இருப்பது நல்லது. சர்க்கரை நோய் மருந்து எடுப்பவர்கள் ரத்தச் சர்க்கரையைக் கவனித்துக்கொள்ள வேண்டும். தைராய்டு மாத்திரைக்கும் பொடிக்கும் இடையே நான்கு மணி நேரமாவது இடைவெளி விடுங்கள். கர்ப்பிணிகள் முருங்கை வேர், பட்டைப் பக்கமே போக வேண்டாம்.

வாங்கும்போது நிறத்தைப் பாருங்கள். நிழலில் காய்ந்த பொடி பச்சையாக, கீரை வாசனையோடு இருக்கும். பழுப்பேறியது வெயிலில் வதங்கியதாகவோ பழையதாகவோ இருக்கலாம். கட்டி கட்டியாக இருந்தால் ஈரம் ஏறிவிட்டது என்று பொருள், பூஞ்சை பிடிக்கும். சரியாகக் கழுவாமல் காயவைத்த இலையில் கிருமிகள் உயிரோடு இருக்க வாய்ப்புண்டு. அதனால் குழந்தைகளுக்கும் முதியவர்களுக்கும் பச்சையாகத் தண்ணீரில் கலக்காமல், கொதிக்கும் உணவில் போட்டு ஒரு கொதி விட்டே கொடுங்கள்.