டிரில்லில் மாட்டிச் சுற்றுமுன் 302 என்ற எண்ணைப் பாருங்கள்

இந்த வருஷமும் ஒரு வளையம் பறந்தது. டர்பனில் பொறியியல் மாணவர்களின் ப்ராஜெக்ட்டுகளுக்கு மதிப்பெண் போடுவது என் வேலை. கிடைமட்டமாகச் சுழலும் தண்டு, அதில் வழுக்கி ஓடும் வளையம், வளையத்தை மையத்தோடு பிடித்துவைக்கும் ஸ்பிரிங்: லக்ராஞ்சியன் (இயக்க ஆற்றலில் நிலை ஆற்றலைக் கழித்து, அதிலிருந்து இயக்கத்தைக் கணக்கிடும் முறை) பாடத்தின் செல்லப்பிள்ளை இது. டிரில்லில் மாட்டி முடுக்கினார்கள். கொக்கி பிய்ந்து, வளையம் ஜன்னல் சட்டத்தில் போய் மோதியது. நல்லவேளை, யார் மேலும் படவில்லை. “கணக்குப்படி ஆற்றல் மாறக்கூடாதே, சார்” என்றான் ஒரு பையன்.

இதைக் கேட்டால்தான் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. லக்ராஞ்சியனில் நேரம் நேரடியாக வரவில்லை என்று கண்டதும் ‘மொத்த ஆற்றல் மாறாது’ என்று எழுதிவிடுகிறார்கள். தம்பி, தண்டை ஒரே வேகத்தில் சுற்றவைப்பது மோட்டார். வளையம் வெளியே நகர நகர அது ஆற்றலை ஊட்டுகிறது, உள்ளே வரும்போது திரும்ப வாங்கிக்கொள்கிறது. மாறாமல் இருப்பது வேறொன்று: தண்டின் வழியே ஓடும் இயக்க ஆற்றலையும் ஸ்பிரிங்கின் ஆற்றலையும் கூட்டி, அதில் சுழற்சியின் இயக்க ஆற்றலைக் கழித்தால் வருவது. அந்தக் கழித்தல் குறிதான் எல்லாமே. மோட்டாரைக் கழற்றிவிட்டுத் தண்டைச் சும்மா சுழலவிட்டால் கதை வேறு. அங்கே மொத்த ஆற்றலும் மாறாது, கோண உந்தமும் மாறாது. (மையவிலக்கு விசைக்கென்று நிலை ஆற்றலில் தனி உறுப்பு சேர்ப்பவர்களே, அது இயக்க ஆற்றலில் ஏற்கெனவே இருக்கிறது. ஒரே பில்லுக்கு இரண்டு தரம் பணம் கட்டாதீர்கள்.)

சரி, எண்களுக்கு வருவோம். வளையம் 200 கிராம், ஸ்பிரிங் மாறிலி மீட்டருக்கு 200 நியூட்டன், இழுக்காத நீளம் 10 செ.மீ. நிமிடத்துக்கு 200 சுற்றில் வளையம் மையத்திலிருந்து 18 செ.மீ. தூரத்தில் சமநிலையில் நிற்கும். 250 சுற்றில் 32 செ.மீ. 300 சுற்றில்? ஏழரை மீட்டருக்கு மேல்! 302ஐத் தொட்டால் சமநிலையே கிடையாது. மாறிலியைக் கிலோகிராமில் உள்ள நிறையால் வகுத்து வர்க்கமூலம் எடுங்கள், அந்த வேகம் நொடிக்கு 31.6 ரேடியன் என்று வரும்; 60ஆல் பெருக்கி 2πஆல் வகுத்தால் நிமிடத்துக்கு 302 சுற்று. சாதாரண டிரில் ஆயிரம் சுற்றைச் சுலபமாகத் தாண்டும். அப்புறம், 200 சுற்றுக்கே திடீரென முடுக்கினால் வளையம் 18இல் நிற்காது, 26 செ.மீ. வரை போய்த்தான் திரும்பும்.

ஆகவே டிரில் வேண்டாம். வேகத்தைக் கட்டுப்படுத்தும் மோட்டார் வாங்குங்கள், மெதுவாக ஏற்றுங்கள். தண்டின் நுனியில் நட்டு போட்டு இறுக்குங்கள். சுற்றிலும் பாலிகார்பனேட் கூடு கட்டாயம். நம் தாத்தாக்கள் வேலை பார்த்த நேட்டால் சர்க்கரை ஆலைகளில், பாகைப் பிரிக்கும் சுழல் இயந்திரத்துக்கு இரும்பு உறை போட்டது அழகுக்காக இல்லை. தண்டு சுற்றும் மட்டத்தில் முகத்தை வைத்து வீடியோ எடுக்கவே எடுக்காதீர்கள். மேலேயிருந்து எடுங்கள் கண்ணுகளா, அளவும் அப்போதுதான் சரியாகத் தெரியும்.